வெள்ளாடுகளின் தொற்றுக் கண்ணழற்சி

வெள்ளாடுகளின் தொற்றுக் கண்ணழற்சி என்பது ஆட்டின் இமைகளின் உட்புறத்தையும் கருவிழியையும் தாக்கி, ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்குப் பரவும் நோயாகும். இது செம்மறி ஆடுகளிலும், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் வாழும் ஐபெக்ஸ் என்னும் காட்டு ஆடுகளிலும், அவற்றுக்கு உறவுடைய ஷாம்வா என்னும் விலங்குகளிலும் காணப்படுகிறது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் இது 'பிங்க் ஐ' எனப்படும். கண் சிவத்தல், நீர் வடிதல், பீளை தள்ளுதல், கருவிழி வெளுத்தல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள்.

கருவிழி வெளுப்பதைத் தமிழில் 'கண்ணில் பூ விழுதல்' என்பர். பூ விழுதல் ஒரு விளைவு மட்டுமே. அது ஒரு நோயின் பெயர் அன்று. முள் குத்திய கண்ணிலும் பூ விழும், உயிர்ச்சத்து ஏ குறைந்த ஆட்டின் கண்ணிலும் பூ விழும், தொற்று கண்ட கண்ணிலும் பூ விழும். இம்மூன்றுக்கும் செய்யவேண்டியவை வேறுவேறு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றில் பார்வையைப் போக்கிவிடவும் கூடும். எனவே இந்நோயில் சிகிச்சையைவிட நோயைச் சரியாகக் கண்டறிவதே கடினமான பகுதியாகும்.

கண்ணின் அமைப்பு

இமைகளின் உட்புறத்தையும் வெண்விழியின் மேற்பரப்பையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு இமையிணைப்படலம் ஆகும். கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் அமைந்திருப்பது கருவிழிப்படலம். நலமான கருவிழிப்படலத்தில் குருதிக்குழாய்கள் இல்லை. அதனாலேயே அது ஒளி ஊடுருவும் தன்மையுடன் உள்ளது. இதன் வெளிப்புறத்தில் மெல்லிய மேலணி இழையமும், நடுவில் தடித்த இடைத்திசுவும், உட்புறத்தில் டெசிமெட் மென்படலமும் உள்ளன. பின்னர் விளக்கப்படும் சாயச் சோதனையைப் புரிந்துகொள்ள இவ்வடுக்குகளை நினைவில் கொள்வது உதவும்.

ஆட்டின் கண்மணி வட்டமாக இராமல் கிடைமட்டமாக நீண்டிருக்கும். அதன் மேல், கீழ் விளிம்புகளில் கரும்பழுப்பு நிறத்தில் சிறு முடிச்சுகள் காணப்படும். முதன்முறையாக ஆட்டின் கண்ணை உற்றுப் பார்ப்பவர் இவற்றைக் கட்டி என்றோ புழு என்றோ மயங்குவதுண்டு. இவை இயல்பான உறுப்புகளே. கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை ஒன்றும் உண்டு. அழற்சியின்போது இது வீங்கி வெளித்தள்ளி நிற்கும்.

நோய்க்காரணிகள்

இந்நோய்க்கு ஒரே கிருமி காரணம் அன்று. தென்னாப்பிரிக்காவில் 1931ஆம் ஆண்டில் கோல்ஸ் என்பவர் செம்மறி ஆடுகளின் இமையிணைப்படல உயிரணுக்களில் ரிக்கெட்சியா போன்ற நுண்துகள்களைக் கண்டு விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அதுவே நோய்க்காரணியாகக் கருதப்பட்டது. 1972ஆம் ஆண்டில் கண்ணழற்சி கண்ட செம்மறி ஆடுகளிலிருந்தும் வெள்ளாடுகளிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு கிருமிக்கு மைக்கோபிளாஸ்மா கன்ஜங்டைவே எனப் பெயரிடப்பட்டது. இன்று இதுவே ஆடுகளின் தொற்றுக் கண்ணழற்சிக்கு முதன்மைக் காரணியாகக் கொள்ளப்படுகிறது. மைக்கோபிளாஸ்மாக்களுக்கு உயிரணுச் சுவர் கிடையாது. இந்த ஒரு பண்பு சோதனையிலும் சிகிச்சையிலும் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

அடுத்த காரணி கிளமிடியா பெக்கோரம். இது உயிரணுவின் உள்ளே மட்டுமே பெருகும் பாக்டீரியா. இதனால் உண்டாகும் அழற்சியில் மூன்றாம் இமையிலும் இமைகளின் உட்புறத்திலும் சவ்வரிசி போன்ற சிறு கொப்புள முடிச்சுகள் தோன்றலாம். அதே மந்தையில் குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டுவதும் உண்டு. மொராக்செல்லா ஓவிஸ் என்னும் பாக்டீரியாவும் நோயுற்ற கண்களில் அடிக்கடி கிடைக்கிறது. ஆனால் நலமான கண்களிலும் அது கிடைப்பதால், அது நோயைத் தொடங்கிவைக்கிறதா, தொடங்கிய நோயில் பின்னர் வந்து சேர்ந்துகொள்கிறதா என்பதை ஒவ்வொரு மந்தையிலும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது.

பாலற்றுப்போகும் தொற்று நோயை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா அகலாக்டியே போன்ற கிருமிகளும் கண்ணைத் தாக்கும். அப்போது மடிவீக்கம், மூட்டுவீக்கம், கண்ணழற்சி ஆகிய மூன்றும் ஒரே மந்தையில் சேர்ந்து காணப்படும். கண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடியைப் பாராமல் விடுவோர்க்கு இந்நோய் தப்பிவிடும்.

மாடுகளின் தொற்றுக் கண்ணழற்சிக்குக் காரணம் மொராக்செல்லா போவிஸ் என்னும் வேறொரு பாக்டீரியா. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வழக்குப்பெயர் இருப்பதால், மாடுகளுக்கான தடுப்பூசி ஆடுகளுக்கும் பயன்படும் எனச் சிலர் எண்ணுவர். இது தவறு.

பரவும் முறையும் அறிகுறிகளும்

நோயுற்ற ஆட்டின் கண்ணீரும் பீளையும் நேரடித் தொடர்பினாலும், ஈக்களாலும், பிடிப்பவரின் கைகளாலும் பரவுகின்றன. சந்தையில் வாங்கிய ஆடு மந்தையில் சேர்ந்தபின் நோய் தோன்றுவது வழமை. நெருக்கமான கொட்டில், ஒரே தீவனத்தொட்டியில் முகங்கள் உரசுதல், தூசு, கடும் வெயில் ஆகியன பரவலை விரைவுபடுத்துகின்றன. நலமடைந்த ஆடு வெளித்தோற்றத்தில் குறையின்றி இருந்தும் பல மாதங்கள் கிருமியைச் சுமக்கக்கூடும்.

தொடக்கத்தில் ஆடு வெளிச்சத்திற்குக் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணீர் வடிந்து கன்னத்து மயிர் நனைந்திருக்கும். இமையிணைப்படலம் சிவந்து வீங்கும். ஓரிரு நாட்களில் நீர் போன்ற கசிவு பீளையாகத் தடிக்கும். அடுத்த நிலையில் கருவிழியின் விளிம்பிலிருந்து மங்கல் தொடங்கி நடுப்பகுதி நோக்கிப் பரவும். பின்னர் விளிம்பிலிருந்து நுண்ணிய குருதிக்குழாய்கள் கருவிழிக்குள் வளரும். இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளர்வதாகக் கால்நடைக் கண் மருத்துவத்தில் ஒரு பொதுக் கணக்கு உண்டு; தொடங்கவே சில நாட்கள் ஆகும். ஆகவே, 5 மி.மீ. நீளமுள்ள குழாய்களைக் கொண்ட ஆட்டை 'நேற்றுத்தான் வந்தது' என்று கொண்டுவந்தால், நோய் ஒரு வாரத்திற்கும் மேற்பட்டது எனக் கொள்ளலாம். இக்குழாய்களால் கருவிழி இளஞ்சிவப்பாகத் தோன்றுவதைக் கண்டு உடைமையாளர்கள் அஞ்சுவர். ஆனால் பெரும்பாலும் அது ஆறுவதன் அடையாளமே.

இலேசான நோய் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே ஆறிவிடும். சில கண்களில் கருவிழியில் புண் உண்டாகி, ஆழமாகி, துளை விழுந்து கண் முற்றிலும் கெடும். இரு கண்களும் மங்கிய ஆடு மேய்ச்சலில் பின்தங்கி, தீவனமும் நீரும் கிடைக்காமல் மெலியும். சினையாடுகள் இந்நிலையில் உடல் தளர்ந்து வேறு நோய்களுக்கு ஆளாகும். குட்டிகள் தாயின் மடியைத் தேடி அலையும். இந்நோயால் ஆடுகள் இறப்பது பெரும்பாலும் கண்ணால் அன்று, பசியாலும் விபத்தாலுமே.

நோய் கண்டறிதல்

மந்தை வரலாறு

கண்ணைத் தொடுவதற்கு முன் கேட்கவேண்டியவை சில உள. எத்தனை ஆடுகளுக்கு வந்துள்ளது? ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா? புதிய ஆடுகள் அண்மையில் சேர்க்கப்பட்டனவா? காய்ச்சல், இருமல், கழிச்சல், கருச்சிதைவு, நொண்டுதல், பால் குறைதல் ஆகியன உண்டா? குடற்புழு மருந்து ஏதும் அண்மையில் தரப்பட்டதா?

ஓர் ஆட்டின் ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் முள், புல்லின் கூர்நுனி, அடிபடுதல் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். சில நாள் இடைவெளியில் ஆடு ஆடாகப் பரவினால் தொற்று எனக் கருதலாம். ஒரே நாளில் பல ஆடுகளுக்கு ஒருங்கே கண் கலங்கினால், தூசு மிகுந்த தீவனம், கொட்டிலில் தேங்கும் அம்மோனியா வளி போன்ற பொதுக் காரணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடற்சோதனை

முதலில் ஆட்டைப் பிடிக்காமல் தொலைவில் நின்று அதன் நடையைக் கவனிக்க வேண்டும். பின்னர் உடல் வெப்பநிலையை அளக்க வேண்டும். நலமான வெள்ளாட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 முதல் 39.7 பாகை செல்சியசு வரை இருக்கும். கண்ணோடு மட்டும் நிற்கும் தொற்றில் காய்ச்சல் பொதுவாக இராது, அல்லது இலேசாகவே இருக்கும். அடுத்து மூக்கையும் வாயின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். இது விட்டுவிடக்கூடாத படியாகும். ஏனெனில் ஆட்டுக்கொல்லி நோயும் கண்ணில் பீளையுடன்தான் தொடங்குகிறது.

ஆட்டுக்கொல்லி நோய் ஒரு வைரஸ் நோய். உயர்ந்த காய்ச்சல், மூக்கொழுகல், ஈறுகளிலும் நாக்கிலும் புண், தொடர்ந்து கழிச்சல், மூச்சுத்திணறல் என்று அது முற்றும். முதல் ஓரிரு நாட்களில் கண்ணும் மூக்கும் ஒழுகுவது மட்டுமே தெரியலாம். அப்போது அதைக் கண்ணோய் என்று எண்ணிக் களிம்பு கொடுத்து அனுப்பினால், தனிமைப்படுத்த வேண்டிய ஆடு மந்தையிலேயே தங்கிவிடும். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் தமிழ்நாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில் 1987ஆம் ஆண்டில் செம்மறி ஆடுகளில் கண்டறியப்பட்டது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய வைரஸ் வகை பின்னர் தடுப்பூசி உருவாக்கவும் பயன்பட்டது. இது உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் உள்ள நோயாதலால், ஐயம் எழுந்தவுடனேயே கால்நடைத் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

கண்ணைச் சோதிக்க ஆட்டை நிழலான இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கைவிளக்கால் இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கையைக் கண்ணருகே விரைவாகக் கொண்டுசென்றால் பார்வையுள்ள ஆடு இமைக்கும். கையின் காற்று கண்ணில் பட்டாலும் ஆடு இமைக்குமாதலால், காற்று படாமல் செய்ய வேண்டும். பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளில் இவ்வெதிர்வினை முழுமையாக இராது. அடுத்து, ஒளிபட்டவுடன் கண்மணி சுருங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். கண் தெளிவாக இருந்தும் ஆடு பார்வையின்றி முட்டிக்கொண்டால் நோய் கண்ணின் மேற்பரப்பில் இல்லை. கண்மணி ஒளிக்குச் சுருங்கினால் மூளைக் கோளாறையும், விரிந்தே நின்றால் விழித்திரை அல்லது பார்வை நரம்பின் சேதத்தையும் ஐயுறலாம். குளோசான்டெல் என்னும் குடற்புழு மருந்து அளவு மீறினால் இவ்வாறு பார்வை போகும்.

மாதிரி எடுத்தல்

சோதனைகளின் வரிசை இங்கு முதன்மையானது. ஆய்வகத்திற்கான மாதிரியை, கண்ணில் எந்தத் துளிமருந்தையும் இடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். மரப்பு மருந்திலுள்ள பதப்படுத்திகள் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கலாம். சாயம் ஒளிர்வுமுறைச் சோதனைகளைக் குழப்பலாம். நுண்ணுயிர்க்கொல்லி இடப்பட்ட கண்ணிலிருந்து எடுத்த மாதிரியால் பெரும்பாலும் பயன் இல்லை.

நோய் தொடங்கிய சில நாட்களுக்குள் உள்ள, மருந்து காணாத ஆடுகள் பலவற்றிலிருந்து மாதிரி எடுப்பதே சிறந்தது. வழியும் பீளையைத் துடைத்து எறிந்துவிட்டு, கீழிமையைத் தாழ்த்தி, நுண்ணுயிர் நீக்கிய பஞ்சுக்குச்சியை இமையிணைப்படலத்தின் மேல் அழுத்தி உருட்ட வேண்டும். தேவைப்படுவது பீளை அன்று, உயிரணுக்கள். மைக்கோபிளாஸ்மா உயிரணுவின் மேல் ஒட்டியும், கிளமிடியா அதன் உள்ளேயும் வாழ்வதே இதற்குக் காரணம். மரத்தாலான குச்சிகள் கிளமிடியா சோதனைக்கு ஏற்றவை அல்ல. நெகிழித் தண்டுள்ள செயற்கை இழைக் குச்சிகளே உகந்தவை.

இவ்வேலையில் கையுறை அணிவது நலம். கருச்சிதைவு நிகழும் மந்தையாயின் கருவுற்ற பெண்கள் விலகி இருக்க வேண்டும். ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா அபார்ட்டஸ் மனிதக் கருவுக்கும் கேடு விளைவிக்கக்கூடியது.

சாயச் சோதனை

மாதிரி எடுத்தபின் மரப்புத் துளிமருந்து இட்டு, இமைகளைப் புரட்டியும் மூன்றாம் இமையைத் தூக்கியும் முள், உமி, புழு ஏதும் உள்ளதா எனத் தேட வேண்டும். மூன்றாம் இமையின் பின்புறம் ஒளிந்திருக்கும் ஒரு புல்நுனி, வாரக்கணக்கில் 'தொற்றாக'த் தோற்றமளிக்கக்கூடும்.

அடுத்தது புளோரசின் சாயம். இச்சாயம் தோய்ந்த தாளை ஒரு துளி உப்புநீரில் நனைத்து இமையின் உட்புறம் தொட்டு, பின்னர் கண்ணைக் கழுவிவிட்டு நீல ஒளியில் பார்க்க வேண்டும். புளோரசின் நீரில் கரைவது. நலமான மேலணி இழையம் அதை உட்புக விடாது. இழையம் உரிந்து இடைத்திசு வெளிப்பட்ட இடத்தில் மட்டும் சாயம் ஊறிப் பச்சையாக ஒளிரும். எனவே பச்சைத் திட்டு என்பது புண் உள்ளதன் அடையாளம்.

இதில் ஒரு பொறி உண்டு. டெசிமெட் மென்படலம் இச்சாயத்தை ஏற்பதில்லை. புண் இடைத்திசு முழுவதையும் அரித்து அம்மென்படலம் வரை சென்றுவிட்டால், நடுப்பகுதி சாயம் ஏறாமல் தெளிவாகவும், சுற்றிலும் பச்சை வளையமாகவும் தெரியும். தெளிந்த நடுவைப் பார்த்து ஆறிவருகிறது எனக் கொள்வது பெரும் பிழை. அக்கண் உடைவதற்கு ஒரு நூலிழை தொலைவில் உள்ளது.

சாயச் சோதனையின் முதன்மைப் பயன் ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றியதாகும். ஸ்டீராய்டு கலந்த கண் மருந்துகள் சிவப்பையும் வீக்கத்தையும் விரைவில் தணிப்பதால் விரும்பப்படுகின்றன. புண் உள்ள கருவிழியில் அவை ஆறுதலைத் தடுத்து, புண் ஆழமாவதற்கும் துளை விழுவதற்கும் வழிசெய்யும். சில நொடிகளில் முடியும் மலிவான இச்சோதனையைச் செய்யாமல் அத்தகைய மருந்தை இடக்கூடாது.

ஆய்வகச் சோதனைகள்

உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கீம்சா சாயமிட்டால், கிளமிடியா உயிரணுக்களின் உள்ளே கொத்தாகவும், மைக்கோபிளாஸ்மா உயிரணுக்களின் மேற்பரப்பில் நுண்புள்ளிகளாகவும் சிறு வளையங்களாகவும் தெரியலாம். 1931இல் காணப்பட்ட துகள்களும் இத்தகைய நுண்ணோக்கித் தோற்றங்களே. பழக்கமில்லாத கண்ணுக்குச் சாயத் துகள்களும் இவ்வாறே தோன்றுமாதலால், இதை மட்டும் நம்பி முடிவுசெய்ய இயலாது. உயிரணுச் சுவர் இல்லாத மைக்கோபிளாஸ்மாவைக் கிராம் சாயமுறையில் காண முடியாது. மொராக்செல்லா ஓவிஸ் அம்முறையில் இளஞ்சிவப்பு நிற இரட்டைக் கோளங்களாகத் தெரியும்.

மைக்கோபிளாஸ்மாவை வளர்க்கக் குருதிநீர் சேர்த்த தனி ஊடகமும் பல நாட்கள் பொறுமையும் வேண்டும். வளர்ந்த குழுமங்கள் உருப்பெருக்கியில் பொரித்த முட்டை போல் காணப்படும். இயல்பான பாக்டீரியா வளர்ப்புச் சோதனையில் இது வளராது. 'கிருமி எதுவும் வளரவில்லை' என்ற ஆய்வக அறிக்கை மைக்கோபிளாஸ்மா இல்லை என்பதைக் காட்டுவதில்லை. அதைத் தேடவே இல்லை என்பதையும் அது குறிக்கலாம்.

இன்று பெரிதும் பயன்படுவது பாலிமரேஸ் தொடர்வினை என்னும் மரபணுப் பெருக்கச் சோதனை. மைக்கோபிளாஸ்மா கன்ஜங்டைவேயைக் கண்ணிலிருந்து எடுத்த மாதிரியிலேயே அளவிடும் நிகழ்நேர முறை ஒன்றைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயிருள்ள கிருமி தேவையில்லை என்பதும் விரைவும் இதன் சிறப்புகள்.

இதன் முடிவைப் பொருள்கொள்வதில் கவனம் வேண்டும். நோய் அறிகுறி சிறிதும் இல்லாத ஆடுகளின் கண்களிலும் இக்கிருமியின் மரபணு கிடைக்கிறது. எனவே 'உண்டு' என்ற முடிவு, கிருமி அங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. முள் குத்திய கண்ணிலும் கிருமி தற்செயலாக இருக்கலாம். நோயுற்ற பல ஆடுகளில் மிகுதியாகவும், அதே மந்தையின் நலமான ஆடுகளில் இல்லாமலோ குறைவாகவோ கிடைத்தால்தான் அதைக் காரணமாகக் கொள்வது பொருந்தும். நோயுற்றவற்றோடு நலமானவை சிலவற்றிலிருந்தும் மாதிரி அனுப்புவது இதனாலேயே பயன் தருகிறது. 'இல்லை' என்ற முடிவும் காலம் கடந்த மாதிரியாலோ போதிய உயிரணுக்கள் இல்லாமையாலோ வந்திருக்கலாம்.

ஒத்த தோற்றமுடைய பிற நிலைகள்

ஆட்டுக்கொல்லி நோயும் காயங்களும் மேலே கூறப்பட்டன. பிறந்த குட்டிகளில் இமை உள்நோக்கி மடிந்து மயிர் கருவிழியை உரசுவது இன்னொரு நிலை. இதில் இமையை நேராக்காமல் எம்மருந்து இட்டும் பயனில்லை. நீண்ட வறட்சியில் பசுந்தழை கிடைக்காத ஆடுகளில் உயிர்ச்சத்து ஏ குறைந்து, முதலில் மாலைக்கண்ணும் பின்னர் கருவிழி மங்கலும் வரும். தெலாசியா என்னும் கண்புழுக்கள் வெண்ணிற இழைகள் போல் கண்ணில் நெளியும். இவற்றை ஈக்கள் பரப்புகின்றன. உண்ணிச்செடியைத் தின்ற ஆடு வெயிலைத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு நிழலைத் தேடும். அதன் இமையிணைப்படலம் சிவப்பாக இராமல் மஞ்சளாக இருப்பது வேறுபாட்டைக் காட்டும். லிஸ்டீரியா தொற்றில் முக நரம்பு செயலிழந்து ஒருபக்க இமை மூடாமல் நின்று, கருவிழி உலர்ந்து புண்ணாகும். ஆட்டின் காதும் உதடும் அதே பக்கம் தொங்குகின்றனவா எனப் பார்த்தால் இது விளங்கும்.

நோயறிதலும் சிகிச்சையும்

பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் உயிரணுச் சுவரைத் தாக்குபவை. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா மீது அவை செயற்படா. ஆகவே டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள், கண் களிம்பாகவோ ஊசியாகவோ, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி தரப்படுகின்றன. இவை கிளமிடியா மீதும் செயற்படும். ஊசி இட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் குறிப்பிட்ட நாட்கள் வரை பயன்படுத்தக் கூடாது. நோயுற்ற ஆடுகளைப் பிரித்து நிழலில் வைத்து, தீவனமும் நீரும் எட்டும் தொலைவில் தருவது மருந்துக்கு ஒப்பான சிகிச்சையாகும். நலமான ஆடுகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையின் காட்டு விலங்குகளில்

வீட்டு ஆடுகளில் பெரும்பாலும் ஆறிவிடும் இந்நோய், ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ், ஷாம்வா கூட்டங்களில் வேறு முகம் காட்டுகிறது. செங்குத்தான பாறைகளில் வாழும் இவ்விலங்குகளுக்குப் பார்வை சில நாட்கள் மங்கினாலும் போதும், தவறி விழுந்து இறக்கின்றன. அல்லது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடந்து பட்டினியால் மடிகின்றன. கொள்ளை நோயாகப் பரவும்போது இறப்பு பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள் இருந்தாலும், சில இடங்களில் 30 விழுக்காட்டை எட்டியுள்ளது.

கோடையில் உயர்மலைப் புல்வெளிகளுக்கு ஓட்டிச்செல்லப்படும் செம்மறி ஆடுகளே கிருமியின் முதன்மைத் தேக்கிடம் எனச் சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டின. அங்குச் செம்மறி மந்தைகளில் கிருமி தங்கியே இருக்கிறது. பல ஆடுகளில் அறிகுறி இலேசாகவே தெரியும். காட்டு விலங்குகளைப் பிடித்து மருந்திட இயலாது. ஆகவே மலையேறுவதற்கு முன் வீட்டு ஆடுகளின் கண்களைச் சோதித்து, நோயுற்றவற்றைக் கீழேயே நிறுத்திக்கொள்வது பரிந்துரைக்கப்படுகிறது.